ஒற்றை ஜிமிக்கி

போன திங்கட்கிழமை தபாலில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் காலி குங்கும டப்பா. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஒரே ஒரு ஜிமிக்கி. கூடவே கோடு போட்ட நோட்டுத் தாளில் நாலு வரி. இதன் ஜோடி ஆண்டிபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கூட்டத்தில் விழுந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை, ஒன்று மட்டும் செய்து தர முடியுமாம்மா, என்ன விலையானாலும் சொல். ஒவ்வொரு எழுத்தும் கரும்பலகையில் எழுதியது போல நிமிர்ந்து நின்றது. பெயரைப் பார்க்கும் முன்பே யாரென்று தெரிந்துவிட்டது. டீச்சர்.

நாலு வருஷத்துக்கு முன்பு, பணி ஓய்வு விழாவுக்குக் கட்டப்போகும் பட்டுப் புடவைக்குப் பொருத்தமாகச் சுடுமண்ணில் தோடும் ஜிமிக்கியும் வேண்டும் என்று கேட்டவர் அவர். புடவையின் போட்டோவை அனுப்பாமல், முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை வெட்டிக் கவரில் வைத்து அனுப்பியிருந்தார். போன் திரையில் எந்த நிறமும் உண்மையைச் சொல்வதில்லை என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து யார் பட்டுக்குப் பொருத்தமாகக் கேட்டாலும், "ஒரு நூல் அனுப்புங்க, இல்லேன்னா ஜாக்கெட் வெட்டினதுல மிச்சத் துண்டு அனுப்புங்க" என்றுதான் சொல்கிறேன்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். புதிதாக ஒரு ஜோடி செய்வது எனக்குக் கஷ்டமில்லை. ஒற்றை செய்வதுதான் கஷ்டம்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது, இந்த டிசைனெல்லாம் எப்படி யோசிக்கிறீர்கள் என்றுதான். யோசிப்பது எனக்குப் பெரிய பாடாக இருந்ததே இல்லை. மீனாட்சியம்மன் கோயில் தூண் ஒன்றின் முன்னால் பத்து நிமிஷம் நின்றால் ஒரு மாசத்துக்குத் தேவையான கொடியும் பூவும் கிடைத்துவிடும். சமையலறையில் இடியாப்பக் குழலின் அச்சைப் பார்த்து ஒரு பதக்கம் செய்திருக்கிறேன். முதல் காதணியை மனசு போன போக்கில் செய்யலாம். மண் கொஞ்சம் ஒதுங்கினால் அதையே வளைவாக்கிக்கொள்ளலாம். இரண்டாவதில் அந்தச் சுதந்திரம் கிடையாது. முதலாவதில் தற்செயலாக வந்ததையெல்லாம் இரண்டாவதில் வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். கைவேலை நகை செய்கிறவளின் உழைப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மாலைக்கும் பதக்கத்துக்கும் இந்தப் பாடு இல்லை. காதுக்குச் செய்கிறவர்களுக்குத்தான்.

இதில் டீச்சர் அனுப்பியிருப்பது நாலு வருஷத்துக்கு முந்தைய முதலாவது. ஜோடி சேர்க்க வேண்டியது இப்போதைய நான்.

எங்கள் வீட்டில் என் வேலை காலை 5 மணிக்குத் தொடங்கும். மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளென்றால் குடம் நிரம்புகிற சத்தத்தோடு மண் பிசைவேன். பையன் எழுந்துவிட்டால் பிறகு இட்லி, டிபன் பாக்ஸ், காணாமல் போன சாக்ஸ். அவனும் அவன் அப்பாவும் கிளம்பியபின் 10 மணியிலிருந்து ஒன்றரை வரை கை ஓயாமல் செய்வது. மதியம் வடக்கு ஜன்னல் பக்கம் பெயிண்ட், அந்த வெளிச்சம்தான் நிறத்தை மாற்றிக் காட்டாது. 4 மணிக்குப் பார்சல் கட்டுவது. ராத்திரி சாப்பாடு முடிந்தபின் வாட்ஸ்அப்பில் பதில். காது குத்திய துளை பெரிசா சின்னதா, திருகு வேண்டுமா கொக்கி வேண்டுமா, நிக்கல் ஒத்துக்கொள்ளுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வேன். மேஜை என்று தனியாக எதுவும் இல்லை. அம்மா வீட்டிலிருந்து வந்த சப்பாத்திப் பலகை, ஒரு பழைய சைக்கிள் ஸ்போக், மாவுச் சல்லடை, தேய்ந்த டூத் பிரஷ், பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பந்து. ஜிமிக்கியின் கும்மட்டம் அந்தப் பந்தின் மேல்தான் உருவாகிறது.

மண் மானாமதுரையிலிருந்து வருகிறது. கடம் செய்கிற ஊர். வைகைக் கரைக் கண்மாய்களின் வண்டல்தான் அந்த ஊர்ப் பாண்டங்களுக்கு அடிப்படை, 2023இல் அந்த மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனக்கு மண் தரும் அண்ணன் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சக்கரம் சுற்றுகிறது. முதல் தடவை போனபோது ஒரு சிட்டிகை எடுத்து என் கையில் கொடுத்து, "வாயில போட்டுப் பாரு, நறநறங்குதா?" என்றார். நறநறக்கும் மண் பானைக்கு ஆகும், என் முத்துகளுக்கு ஆகாது. அதே சமயம் ஒரேயடியாக வெண்ணெய் போல இருந்தாலும் ஆகாது. காயும்போது அதிகம் சுருங்கி வெடித்துவிடும். நான் மண்ணை உடைத்து மூன்று நாள் வாளியில் ஊறப்போட்டு, கரைத்து, பழைய நூல் புடவையில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, மிச்சத்தைச் செங்கல் மேல் விரித்த துணியில் கொட்டி வைப்பேன். செங்கல் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக வந்ததும் பிசைந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்துவிடுவேன். ஒரு மாசம் கிடந்த மண் நேற்று பிசைந்த மண்ணை விட நன்றாக வளையும்.

டீச்சருடைய ஜிமிக்கியை அந்த அண்ணனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உள்பக்கம் நான் பெயிண்ட் அடிப்பதில்லை, மண்ணின் நிறம் அப்படியே தெரியும். டீச்சருடையது கருஞ்சிவப்பு. இப்போது என்னிடம் இருக்கும் மண் சுட்டால் ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. "அது வேற கண்மாய் தாயி. அங்க இப்ப தண்ணி கெடக்கு, மண்ணு எடுக்க முடியாது" என்றார். பேச்சுக்கு நடுவிலேயே பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கார்த்திகை நெருங்குகிறது, அகல் விளக்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் அவரை நிறுத்தி வைக்க மனம் வரவில்லை.

பரணில் ஒரு பால் பவுடர் டின் இருக்கிறது. சுடும் முன்பே உடைந்துபோனவற்றை அதில் போட்டு வைப்பேன். பச்சையாகக் காய்ந்த மண்ணை எத்தனை வருஷம் கழித்து ஊறவைத்தாலும் மறுபடி மண்ணாகிவிடும். சுட்டதைத்தான் எதுவும் செய்ய முடியாது. சூட்டில் முதலில் போவது நாம் ஊற்றிய தண்ணீர். 450 டிகிரிக்கு மேல் மண்ணின் அணுக்களோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிற தண்ணீரும் போகத் தொடங்குகிறது. 600ஐத் தாண்டினால் அது மண் இல்லை, வேறொரு பொருள். டின்னைக் கவிழ்த்துத் தேடியதில் அடியில் கருத்த நிறத்தில் அந்த வருஷத்து உடைசல் ஒரு கைப்பிடி கிடைத்தது. ஊறவைத்து வடிகட்டினால் ஓர் எலுமிச்சம்பழம் அளவு. மூன்று ஜிமிக்கிக்கு வரும், நாலாவதுக்கு வராது.

இனி கணக்கு. டீச்சரின் ஜிமிக்கி வாய் 24 மில்லிமீட்டர். இந்த மண் காய்ந்து சுட்டு முடியும்போது நூற்றுக்கு 8 பங்கு சுருங்கும் என்று என் நோட்டில் அப்போதே எழுதி வைத்திருந்தேன். அப்படியென்றால் ஈரமாக இருக்கும்போது 26 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும். விளிம்பில் உருட்டி ஒட்டிய முத்துகள் 21. எடை 7 கிராம், மேலே தோடோடு சேர்த்து 10. என்னைப் பொறுத்தவரை ஒரு காதுக்கு 10 கிராமே அதிகபட்சம். அதற்கு மேல் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழற்றி வைக்கத் தோன்றும். ஜோடியில் இரண்டுக்கும் நடுவே ஒரு கிராம் வித்தியாசம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்.

எடுத்தவுடன் பெரிய தப்பு ஒன்று செய்தேன். தோட்டில் ஒரு மாங்காய் இருக்கிறது, வால் வலப்பக்கம் வளைந்தது. எதிரே வைத்துப் பார்த்து அப்படியே செய்துவிட்டேன். முடித்தபின்தான் உறைத்தது, வந்திருப்பது வலது காதினுடையது, எனக்கு வேண்டியது இடது. மாங்காய் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்ப வேண்டும். இரண்டு வால்களும் முகத்தைப் பார்த்து வளைந்தால்தான் முகம் நடுவில் அமரும். இரண்டும் ஒரே பக்கம் வளைந்தால் முகமே கோணினது போல இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற பெண்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. பிசைந்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அடுத்த சிக்கல் நான் எதிர்பார்க்காதது. மாங்காய்க்குள் கோடுகள் இருக்கின்றன. இப்போது நான் பயன்படுத்தும் ஊசியால் கோடு போட்டால் அடி கூர்மையாக, ஓரம் மழமழப்பாக வருகிறது. பழையதில் கோட்டின் அடி கொஞ்சம் உருண்டு, ஓரத்தில் மண் லேசாகப் பொங்கியிருக்கிறது. அரைமணி நேரம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் என்னிடம் ஊசியே இல்லை, கருவேல முள்ளால்தான் எல்லாக் கோடும் போட்டுக்கொண்டிருந்தேன். முத்துகளிலும் ஒன்றில் நகம் பட்ட சுவடு இருக்கிறது. அப்போது முத்தை விரல் நுனியால் அழுத்தி ஒட்டினேன், இப்போது பிரஷ்ஷின் பின்முனையால் ஒட்டுகிறேன். நாலு வருஷத்துக்கு முந்தைய என் கை இன்று எனக்கு அந்நியமாகிவிட்டது. சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு ரயில் தண்டவாளத்தை ஒட்டிய காலி மனைக்குப் போய் நாலு முள் ஒடித்து வந்தேன். "எதுக்கும்மா முள்ளு?" என்றான். "டீச்சர் கம்மலுக்கு" என்றேன். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அந்த முள்ளைக் கையில் எடுத்ததும் வேகம் தானாகவே குறைந்தது. முள்ளை இழுக்க முடியாது, அழுத்தி அழுத்தித்தான் நகர்த்த வேண்டும். அந்தக் கோடுகளின் உருண்டை அப்படி வந்ததுதான்.

கண்ணாடி போல ஒன்றேபோல இருப்பதுதான் ஜோடி என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அதை மாற்றியது என் அப்பத்தா. எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்களைப் போல அவரும் தண்டட்டி போட்டவர். காதுமடல் தோளைத் தொடும். அப்பா கல்லூரியில் சேர்ந்த வருஷம் அதை விற்றார்கள். பார்க்கப் பாறாங்கல் போல இருந்தாலும் தண்டட்டி உள்ளே முழுத் தங்கம் இல்லை. மெல்லிய தகட்டை மடித்து உருவாக்கி உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். உருக்கியபோது அரக்கு போக மிஞ்சியதைப் பார்த்துத் தாத்தா ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தாராம். அதன்பின் 30 வருஷத்துக்கு மேல் அப்பத்தாவின் காதுகள் வெறுமையாகத் தொங்கின. நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதும் அவருக்காகச் சுடுமண்ணில், உள்ளே குடைந்து எடையைக் குறைத்து, தண்டட்டி மாதிரி ஒரு ஜோடி செய்தேன். இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்று. போட்டுவிட்டுப் பார்த்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே தொங்குகிறது. அவருடைய இடது மடல் வலதை விட ஒரு விரற்கடை நீளம். இத்தனை வருஷம் அந்த மடியில் கிடந்து வளர்ந்தும் எனக்கு அது தெரியாமல் இருந்தது. "ரெண்டு காதும் ரெண்டு விதமால்ல இருக்கும், யாருக்குத்தான் ஒண்ணா இருக்கு?" என்றார். இடதின் கொக்கியைக் குறுக்கி மறுபடி செய்தேன். அடுத்த வாரம் இரண்டும் தாடை ஓரத்தில் ஒரே மட்டத்தில் நின்றன. கடைசி வரை அதைப் போட்டிருந்தார். கல்யாண ஆர்டர் என்றால், முடிந்தால் நேரில் வரச்சொல்லி இரண்டு காதையும் பார்த்துவிட்டுத்தான் இப்போது கொக்கி போடுகிறேன்.

மூன்று இடது ஜிமிக்கிகளும் புதன்கிழமை தயாராகிவிட்டன. மூன்றிலும் உச்சியில் நிக்ரோம் கம்பியில் வளையம் செய்து பச்சையிலேயே செருகினேன். செம்புக் கம்பி நெருப்பில் பொரிந்துவிடும், நிக்ரோம் தாங்கும். பிறகு காயவைப்பது. ஐப்பசியில் இது ஒரு தவம். சித்திரை வைகாசியில் பிரச்சினை வேறு மாதிரி, கத்திரி வெயில் சூட்டில் வெளிப்பக்கம் மட்டும் அவசரமாகக் காய்ந்து விளிம்பு நெளிந்துபோகும். ஐப்பசியில் மூன்று நாளாகியும் தொட்டால் குளிர்ச்சி விடாது. ஈரம் இருக்கிறதா என்று நான் பார்ப்பது உதட்டின் மேல்பக்கம் வைத்து, அங்கேதான் குளிர்ச்சி சட்டென்று தெரியும். ஜிமிக்கியில் மெல்லிய விளிம்பு முதலில் காயும், கனமான உச்சி கடைசியில் காயும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். அதனால் விளிம்பில் ஈரத்துணியைச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, பனங்கூடையால் மூடி வைப்பேன். ஜோடியென்றால் இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்க வேண்டும். ஒன்று ஜன்னலோரமும் ஒன்று அலமாரியிலும் காய்ந்தால் அவை பிறகு ஜோடியாகாது. சனிக்கிழமை கூடையைத் தூக்கினால் ஒன்றில் உச்சியிலிருந்து நூல் போல வெடிப்பு. அதை டின்னுக்கு அனுப்பினேன். மிச்சம் இரண்டு.

என்னிடம் இப்போது சின்ன மின்சாரச் சூளை இருக்கிறது. 850 டிகிரிக்கு ஏற்றினால் எல்லாம் ஒரே மாதிரி சிவந்து வரும். ஆனால் டீச்சருடையது வரட்டியில் சுட்டது. உள்பக்கம் ஓரிடத்தில் புகை ஏறிய நிழல் இருக்கிறது. மின்சாரச் சூளைக்குள் அந்த நிழல் விழாது. மொட்டைமாடியில் மணல் பரப்பி, நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, மூன்று வருஷமாகத் தொடாத பழைய அடுப்பை மறுபடி கட்டினேன். முதலில் தோசைக்கல்லில் மணலைப் போட்டு, அதன்மேல் இரண்டையும் வைத்து, சிம்மில் ஒரு மணி நேரம் சூடேற்றினேன். ஒளிந்திருக்கும் ஈரம் போகாமல் நெருப்பில் இறக்கினால் உள்ளேயே நீராவியாகி வெடித்துச் சிதறிவிடும். அப்புறம் உடைந்த பானை ஓட்டுக்குள் வைத்து, மேலே இன்னோர் ஓட்டால் மூடி, சுற்றிலும் கொட்டாங்கச்சிக் கரி, அதைச் சுற்றி வரட்டி, மேலே உமி. மழை விட்ட நேரம் பார்த்துப் பற்றவைத்தது சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு.

நெருப்பு கங்காகி, ஓடு உள்ளிருந்து சிவந்து தெரியும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணில் இருக்கும் இரும்பு சிவப்பாகிறது. காற்று கிடைக்காமல் புகை சூழ்ந்தால் அதே மண் கருக்கிறது. நம் பழைய கருப்பு-சிவப்புப் பானைகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டவர்கள் செய்தவை. ஒரே பானையில் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. எந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். 7 மணிக்கு ஒரு தூறல் விழுந்தது. தகரத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். நல்லவேளையாக நின்றுவிட்டது. அன்று ராத்திரி திறக்கவில்லை. 573 டிகிரி என்று ஒரு கண்டம் இருக்கிறது. மண்ணில் உள்ள படிக மணல் அந்தச் சூட்டைத் தாண்டி ஏறும்போது சட்டென்று பருக்கும், இறங்கும்போது சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டுச் சாம்பலைக் கிளறிக் குளிர்காற்றை விட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, ஒரு மாசம் கழித்து யாரோ ஒருவரின் காதில் உடையும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாம்பலை ஊதி எடுத்தேன். இரண்டும் முழுசாக இருந்தன. நகத்தால் சுண்டினால் இரண்டும் கிண்ணென்றன. மானாமதுரையில் கடத்தைத் தட்டிப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற அந்தக் கூர்மையை இந்த ஒரு நொடியில் நானும் கொஞ்சம் அனுபவிக்கிறேன். ஒன்று முழுக்கச் சிவப்பு. இன்னொன்றின் உள்பக்கம், வரட்டியை ஒட்டியிருந்த இடத்தில், கட்டைவிரல் அளவுக்குக் கருப்பு. காற்றோட்டமாக இன்னொரு தடவை சுட்டால் அந்தக் கருப்பு எரிந்து மறுபடி சிவந்துவிடும், வேறு ஆர்டரில் அப்படித்தான் செய்திருப்பேன். டீச்சருடையதைப் பக்கத்தில் வைத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அதன் நிழலும் கிட்டத்தட்ட அதே இடம். எதை எடுப்பது என்ற கேள்வி அங்கேயே முடிந்தது.

சிவந்து வந்த மற்றது என் ஒற்றைகள் டப்பாவுக்குப் போயிற்று. அந்த டப்பாவில் இப்போது 60க்கு மேல் இருக்கும். ஜோடியில் ஒன்று வெடித்துத் தனியானவை, கூரியரில் உடைந்து வந்தவற்றின் மிச்சம். ஒரு தடவை ஒரு கடைக்கு விற்பனைக்குக் கொடுத்த 10 ஜோடியில் திரும்பி வந்தபோது 4 ஒற்றைகள் இருந்தன, ஏன் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அவையும் இதில்தான். தூக்கிப்போட எனக்குக் கை வருவதில்லை.

கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறந்த புதிதில் போயிருந்தேன். மதுரையிலிருந்து பக்கம்தான், செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள். தங்க அணிகலன்களையும் சூதுபவள மணிகளையும் தாண்டிப் போனால் சுடுமண் காதணி. என்னோடு வந்தவர்கள் எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள், நான் அங்கேயே நின்றேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது என்ற வியப்பு ஒரு பக்கம். ஆனால் உண்மையில் என் மனசில் ஓடியது, இதனுடைய ஜோடி எங்கே என்பதுதான். எந்தத் தெருவில் விழுந்தது, அதைத் தொலைத்த பெண் வீட்டில் என்ன சொன்னாள், ஒன்று மட்டும் செய்து தா என்று கேட்டுக்கொண்டு அவளும் யார் வீட்டு வாசலிலாவது போய் நின்றாளா. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளைத் தோண்டியபோது முடிக்காத மணிகளும் பாதியில் உடைந்தவையும் கிடைத்திருக்கின்றன. முழு மணிகளை யாரோ வாங்கி அணிந்து கொண்டு போய்விட்டார்கள். செய்தவர்களின் இடத்தில் மிஞ்சியவை இவைதான். என் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பட்டறைக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

இனி நிறம். டீச்சரின் புடவை மயில் கழுத்து. பட்டில் இது பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் கொடுத்து நெய்வது. அசைந்தால் பச்சை, நின்றால் நீலம். மண் அசையாது. அதனால் முதலில் கரு நீலத்தை முழுக்கப் பூசி, காய்ந்தபின் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் பச்சையைத் தொட்டு மேடான இடங்களில் மட்டும் உரசுவேன். ஜிமிக்கி ஆடும்போது பள்ளத்து நீலமும் மேட்டுப் பச்சையும் மாறி மாறித் தெரியும். அந்தக் குஞ்ச நூல் இன்னும் நோட்டில் ஒட்டியபடி இருக்கிறது, அதை வைத்தே கலந்தேன். நிறம் அச்சாக வந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டால் பொருந்தவில்லை.

பழையது மங்கியிருந்தது. நாலு வருஷத் தேங்காய் எண்ணெய், வியர்வை, மல்லிகைப்பூச் சரம் உரசியது, புடவைத் தலைப்பு உரசியது. கழுத்தைப் பார்த்த பக்கத்தில் முத்துகளின் தங்க நிறம் அறவே போய் மண் தெரிகிறது. புதியது பளபளவென்று நிற்கிறது. டீச்சருக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், பழசையும் சேர்த்துப் புதுசா பெயிண்ட் பண்ணிடவா? ரெண்டும் ஒண்ணா பளிச்சுனு இருக்கும்."

"வேண்டாம்மா" என்றார் உடனே. கொஞ்சம் நிறுத்தி, "அதைத் தொடாத. அது பாட்டுக்கு எங்கூட இருந்திருக்கு. முடிஞ்சா புதுசை அதுக்கு ஏத்த மாதிரி பண்ணிக் குடு" என்றார்.

ஆக, ஒரு புது ஜிமிக்கிக்கு நாலு வயசைக் கொடுக்க வேண்டும். மிக மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முத்துகளைக் கழுத்துப் பக்கம் மட்டும் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். வலதில் தேய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், இது இடது காதாயிற்றே. பழுப்பு நிறத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பள்ளங்களில் விட்டு ஒற்றி எடுத்தேன். மேலே பளபளக்காத வார்னிஷ். எல்லாம் காய்ந்தபின் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து ஜிமிக்கியைக் கையிலேயே பத்து நிமிஷம் உருட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த மினுக்கு வந்தது. தோட்டின் பின்னால் தண்டை அரால்டைட் வைத்து ஒட்டி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டேன். ஜிமிக்கியைக் கோத்து எடை போட்டால் 10 கிராம், பழையதும் அதுதான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோடி 450 ரூபாய்க்குக் கொடுத்தது. இந்த ஒற்றைக்கு நேரக்கணக்கு பார்த்தால் இரண்டு ஜோடி செய்திருக்கலாம். 250 என்று சொன்னேன். டீச்சர் 500 அனுப்பிவிட்டு, மிச்சத்துக்குப் பையனுக்கு ஏதாவது வாங்கிக் கொடு என்றார். மண்ணுக்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மண் பத்து ரூபாய் கூட ஆகாது, சரிதான். அவர்களிடம் நான் விவாதிப்பதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு முத்தை உருட்டச் சொல்வேன். இரண்டாவது முத்தை முதலாவதின் அளவுக்கு உருட்டச் சொல்வேன். பெரும்பாலும் அத்தோடு பேச்சு முடிந்து, சிரித்துக்கொண்டே மூன்றாவதை உருட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இன்று காலை இரண்டையும் வடக்கு ஜன்னலில் நூலில் தொங்கவிட்டு, பையனைக் கூப்பிட்டு எது புதுசு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வலதைக் காட்டினான். எனக்குத் தொண்டை அடைத்தது. சரியென்றும் தப்பென்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது.

அதே குங்கும டப்பாவில், நடுவே அட்டைத் தடுப்பு வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். கூடவே ரப்பர் திருகாணி இரண்டு ஜோடி, கூட்டமான பஸ்ஸில் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தபால் ஆபீஸில் பார்சல் வாங்குவது மூன்று மணி வரை. வானம் மூடிக்கொண்டு வருகிறது, மாடியில் நாளைய மண் செங்கல் மேல் விரித்துக் கிடக்கிறது, அதை முதலில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.